பள்ளம் ஓடும் மாதமும் ஓடாத மாதமும்

கார்த்திகை மாத விடிகாலை. கோவையிலிருந்து தடாகம் வழியாக மலையேறி ஆனைகட்டியில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தூக்கம் கலையும் முன்பே காதில் தண்ணீர்ச் சத்தம் விழுந்துவிடும். ஊரை ஒட்டி ஓடுகிறது கொடுங்கரைப்பள்ளம். இந்தக் கரை தமிழ்நாடு. அந்தக் கரை கேரளத்தின் அட்டப்பாடி. முந்தின ராத்திரி மலையில் பெய்த மழை, பாலத்துக்கடியில் செம்மண் கலங்கலாகப் புரண்டு போகிறது. நீரோரப் பாறையில் ஒல்லியாக ஒரு பறவை. சாம்பல் முதுகு, மஞ்சள் அடிவயிறு, நீண்ட வால். நின்ற இடத்தில் நிற்காமல் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே பூச்சி பொறுக்குகிறது. சாம்பல் வாலாட்டி.

ஐந்தாறு மாதம் கழித்து, சித்திரையில், அதே பாலம். கீழே மணலும் உருண்டைக் கற்களும்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாசி படிந்த குட்டைகள். ஆடுகள் குறுக்கே நடந்து அக்கரைக்குப் போகின்றன. வாலாட்டி இமயமலைப் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் இப்படி வறண்டு கிடக்கும் பள்ளங்களின் கூழாங்கற்களுக்கு நடுவேதான் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டு அடைகாக்கும்.

பறவை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஏரியைத் தேடித்தான் போவார்கள். வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். காட்டோடையில் அந்தத் திருவிழாக் கூட்டம் கிடைக்காது. ஒரு மணி நேரம் நடந்தால் இருபது, முப்பது வகை கண்ணில் படும். பாதி குரலாக மட்டும் வரும். ஆனால் ஒரே ஓடைக்கரையில் ஆண்டுக்கு நான்கு முறை நடந்தவர்களுக்குத் தெரியும், அது நான்கு வெவ்வேறு காடுகள்.

கொங்கு நாட்டில் இத்தகைய ஓடைக்குப் பெயர் பள்ளம். கோபி பக்கம் குண்டேரிப்பள்ளம், சத்தியமங்கலம் பக்கம் பெரும்பள்ளம், அந்தியூர் பக்கம் வரட்டுப்பள்ளம். மூன்றின் குறுக்கேயும் அணை கட்டியிருக்கிறார்கள். கோவை நகருக்குள்ளேயே சங்கனூர் பள்ளம் ஓடுகிறது. மலைமேல் கன்னடம் வழங்கும் இடங்களில் ஓடையை ‘ஹள்ள’ என்பார்கள். நீலகிரியின் சீகூர் ஹள்ளா அப்படி வந்த பெயர். நம்முடைய பால் அவர்களுக்கு ஹாலு ஆவதுபோல, பள்ளம் அங்கே ஹள்ள ஆகிவிட்டது. சொல் ஒன்றுதான்.

மற்ற வட்டாரங்களில் ஓடை என்பார்கள், காட்டாறு என்பார்கள். சங்கப் பாடல்களில் அது கான்யாறு. ஓடை என்ற சொல்லுக்குள் ஓட்டம் இருக்கிறது. தண்ணீர் நின்றால் பெயர் கொஞ்சம் பொய்த்துப்போகும். பள்ளம் என்ற பெயருக்கு அந்தச் சிக்கல் இல்லை. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் தடம் தடம்தான். வரட்டுப்பள்ளம் என்ற பெயரோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. வறண்டு கிடப்பதையே பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது. வைத்த ஊர்க்காரர்களுக்கு, வறட்சியும் ஓடையின் ஒரு பருவம் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஆற்றியலாளர்கள் இந்தக் கணக்குக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம் தாமதமாகத்தான். உலகத்து ஆறுகள், ஓடைகள் அத்தனையின் நீளத்தையும் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2021-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அந்த நீளத்தில் 51 முதல் 60 சதவீதம் வரை, ஆண்டில் ஒரு நாளாவது ஓட்டம் நின்றுபோகும் நீர்வழிகள் என்று அது சொன்னது. வற்றாமல் ஓடுவதுதான் ஆற்றுக்கு இயல்பு, வற்றுவது விதிவிலக்கு என்று பாடப்புத்தகம் பழக்கியிருக்கிறது. கணக்கு நேர்மாறாக இருக்கிறது.

ஆனைகட்டி மலையோரத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டுக்குக் கிழக்கே இருப்பதால் இது மழை மறைவுப் பகுதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கொண்டுவந்த தண்ணீரில் பெரும்பங்கை முகட்டுக்கு மேற்கே கொட்டிவிடும். இந்தப் பக்கம் காற்றும் சாரலும் வரும், கனமழை குறைவு. அக்டோபரில் காற்றின் திசை திரும்பி வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதுதான் பள்ளங்களுக்கு உயிர் வரும். கோவை நகரின் ஆண்டு மழை சராசரியாக 600, 700 மில்லிமீட்டர். சிறுவாணிப் பக்கத்து உச்சிகளில் அதைப்போல் சில மடங்கு. முப்பது கிலோமீட்டருக்குள் இத்தனை வேறுபாடு.

சரிவில் விழும் மழை எல்லாம் உடனே பள்ளத்துக்கு வந்துவிடுவதில்லை. காய்ந்த இலைமெத்தை அதைப் பிடித்து நிறுத்தும். கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும், கொஞ்சம் பாறை வெடிப்புகளில் புகுந்து தங்கும். மழை விட்ட பிறகும் சில வாரங்கள் ஓடை ஓடுவது இந்தச் சேமிப்பால்தான். சரிவில் மரமும் இலையும் இருக்கும் மலையில் ஓட்டம் தை மாதம் வரை மெலிந்து மெலிந்து நீளும். மொட்டைச் சரிவில் மழை பெய்த அன்றே வெள்ளம், மறுவாரமே மணல்.

மேலே ஓட்டம் நின்ற பிறகும் மணலுக்கு அடியில் நீர் நடந்துகொண்டுதான் இருக்கும். கோடையில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்த தலைமுறைக்கு இது புதிதில்லை. யானைகளுக்கும் தெரியும். வறண்ட பள்ளத்து மணலில் முன்காலால் எத்திக் குழி பறித்து, ஊறி வருவதைத் துதிக்கையால் எடுத்துக் குடிக்கும். அவை போன பிறகு அந்தக் குழிக்கு வேறு விலங்குகளும் பறவைகளும் வரும்.

மாசி, பங்குனியில் ஆனைகட்டிச் சாலையில் ஏதாவது மேட்டில் நின்று மலையைப் பார்த்தால் பள்ளங்கள் எங்கெங்கே இறங்குகின்றன என்று விரல் வைத்துக் காட்டலாம். மலை முழுக்க இலை உதிர்த்து மரங்கள் குச்சியாக நிற்கும். நடுவே வளைந்து வளைந்து பச்சைக் கோடு இறங்கும். நீர்மருது, நாவல், புங்கன், அத்தி என்று வேர் ஆழமாக நீரைத் தொடும் மரங்கள் வரிசை கட்டி நிற்கும் இடம் அது. நிழலும் பழமும் பூச்சியும் அந்தக் கோட்டுக்குள்தான் மிச்சம். காட்டில் பறவை தேடுகிறவர் அந்தப் பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

இந்திய அரசு 1990-ல் பறவையியல் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கி அதற்குப் பறவை ஆய்வாளர் சாலிம் அலியின் பெயரை வைத்தது. அது இயங்குவது இதே ஆனைகட்டியில்தான்.

பறவைகளின் ஆண்டும் பள்ளத்தின் ஆண்டும் இங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வலசைப் பறவைகள் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வந்து சேர்கின்றன; அப்போதுதான் ஓடையும் நனையத் தொடங்குகிறது. மார்ச், ஏப்ரலில் அவை வடக்கே கிளம்புகின்றன. அப்போது ஓடையும் வற்றிவிடுகிறது. வந்தவை போன இடத்தில், உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டுகின்றன.

முதலில் வருபவற்றில் ஒன்று சாம்பல் வாலாட்டி. எடை இருபது கிராமுக்கும் குறைவு. இமயமலை ஓடைகளில் குஞ்சு பொரித்துவிட்டு, மொத்த இந்தியாவையும் தாண்டி வந்து, இங்கேயும் ஓடையைத்தான் தேடுகிறது. குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் ஓடையின் ஒரு பகுதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, இன்னொன்று வந்தால் விரட்டும். ஆண்டு முழுதும் இங்கேயே இருக்கும் வெண்புருவ வாலாட்டி கருப்பு வெள்ளை நிறம், உடம்பும் பெரிது. காட்டு வாலாட்டி என்று மூன்றாவது ஒன்றும் குளிர்காலத்தில் வரும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும்போது இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். மரநிழல் விழும் தரையில் நடப்பதால், நாம் அசையாமல் நின்றால்தான் தெரியும்.

ஐப்பசியில் வருகிறது ஆறுமணிக் குருவி. மைனாவை விடச் சிறிது, வால் வெட்டிவிட்டதுபோல் குட்டை. பச்சை முதுகு, நீலத் தோள், கருப்புக் கண்பட்டை, அடிவயிற்றில் சிவப்பு. நிறம் அத்தனையையும் எண்ணித்தான் வடக்கே ஒன்பது நிறத்தான் என்ற பொருளில் ‘நவரங்’ என்று பெயர் வைத்தார்கள். தமிழில் நிறத்தைப் பார்க்காமல் குரலைக் கேட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டி, இரண்டே சுரத்தில் சீட்டி அடிக்கும். இலங்கைத் தமிழர்களும் இதை இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். அந்தத் தீவு வரைக்கும் இது வலசை போகிறது.

இமய அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவோடு இரவாகப் பறந்து தெற்கே வரும் பறவை இது. களைத்துப்போய் வழி தவறி வீட்டுக் குளியலறையிலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் வந்து உட்கார்ந்த செய்திகள் அக்டோபர்தோறும் தமிழ்நாட்டில் வரும். களைப்புத் தீர்ந்ததும் அது தேடுவது ஈரமான நிழலும் மக்கிய இலையும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடம் பள்ளத்தின் கரை. கோழி குப்பையைக் கிளறுவதுபோல, அலகால் சருகைப் புரட்டிப் புழு எடுப்பதை அங்கே பார்க்கலாம்.

இதே வாரங்களில் தலைக்குமேல் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு, உட்காரவே உட்காராது. மாலத்தீவில் வசித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீர் ஓடையே இல்லாத அந்தத் தீவுகளுக்கு அக்டோபரில் இலட்சக்கணக்கான தட்டான்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். அவை இந்தியாவிலிருந்து கிளம்பிக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா போகின்றன என்று 2009-ல் எழுதினார். போவது ஒரு தலைமுறை. திரும்பி வருவது அதன் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ. மீன் இல்லாத, சில வாரங்களில் வற்றிவிடும் மழைக்குட்டைகளில்தான் இந்தத் தட்டான் முட்டையிடும். குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து சிறகு முளைத்துப் பறந்துவிட வேண்டும் என்பதால் அதன் இளம்பருவம் இரண்டு மாதத்தைத் தாண்டுவதில்லை. வற்றாத ஏரியைவிட வற்றும் குட்டைதான் அதற்குப் பாதுகாப்பு.

தட்டானும் கொசுவும் ஈயும் பெருகும்போது அவற்றைத் தின்பவையும் வந்துவிடுகின்றன. வெண்மையான, நீண்ட வால் நாடா பறக்கக் கிளைக்குக் கிளை தாவுகிறது அரசவால் ஈப்பிடிப்பான். பெண்ணும் இளம் ஆணும் செங்கல் நிறம். வயது வந்த ஆண்தான் வெள்ளை உடுத்தும். வெண்மார்பு மீன்கொத்தி பாறையில் உட்கார்ந்திருந்தாலும் அதற்கு மீன் ஒன்றும் கட்டாயமில்லை; பல்லி, நண்டு, வெட்டுக்கிளி எதுவும் ஆகும். அதனால்தான் ஓடை வற்றினாலும் அது இடம் மாறுவதில்லை. ஆனால் சிறுநீல மீன்கொத்தி நீரை நம்பியே வாழ்வது. தெளிந்த தண்ணீர் போனதும் அதுவும் கீழே ஏரிக்கோ அணைக்கோ போய்விடும். எந்த மீன்கொத்தி இருக்கிறது என்பதை வைத்தே பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று சொல்லிவிடலாம்.

தை கழிந்ததும் ஓட்டம் நிற்கும். ஒரு நாளில் நிற்பதில்லை. மேட்டுப் பகுதிகள் முதலில் வெளுத்து, ஓடை துண்டு துண்டாகி, கடைசியில் பாறைக்குழிகளில் மட்டும் நீர் தங்கும். காட்டில் பறவை பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்குப் பரவி இருந்தவை எல்லாம் ஒரு குட்டைக்கு வந்தாக வேண்டும்.

வெயில் ஏறிய பிறகு, ஒரு மரத்தடியில் குட்டையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக இறங்கும். முதலில் தைரியசாலிகள்: செங்குதச் சின்னான், செம்மீசைச் சின்னான், கூட்டமாகச் சண்டை போட்டுக்கொண்டே வரும் தவிட்டுக் குருவிகள். இவை குளித்துத் தெறித்துக் கலக்கிவிட்டுப் போன பிறகு, ஆபத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு கூச்சக்காரர்கள் வருவார்கள். செந்தலைப் பூங்குயில் ஓரத்துச் சருகில் நின்று நின்று வரும். புதருக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்த சோலைபாடி முதல்முறையாக உடம்பைக் காட்டும். அரசவால் ஈப்பிடிப்பான் கரையில் இறங்காது. கிளையிலிருந்து ஒரே பாய்ச்சலாக நீரில் விழுந்து எழுந்து கிளைக்கே போய்விடும். மூன்று நான்கு முறை அப்படி முங்கினால் குளியல் முடிந்தது.

குடிக்கும் விதத்தையும் கவனிக்கலாம். பெரும்பாலான பறவைகள் ஒரு வாய் மொண்டு, தலையை அண்ணாந்து விழுங்கும். புறாக்கள் அப்படிச் செய்யாது. அலகை நீரில் வைத்து, தலை தூக்காமல் உறிஞ்சும். குட்டையில் ஒரு விநாடி குறைவாக நின்றாலும் அந்த அளவுக்கு உயிருக்குப் பாதுகாப்பு, ஏனென்றால் வல்லூறும் இந்தக் குட்டையைத் தெரிந்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் மாநிலப் பறவையான மரகதப் புறாவை நன்றாகப் பார்க்க வாய்ப்பு இப்படிப்பட்ட இடத்தில்தான். காட்டுத் தரையில் நடந்து மேயும் பறவை. விருட்டென்று பறக்கும்போது ஒரு பச்சைக் கீற்றாக மறையும். தானியம் தின்னும் புறாவுக்குத் தீனியில் ஈரம் கிடையாது, அதனால் தினமும் தண்ணீருக்கு வந்தே ஆக வேண்டும். பூச்சி தின்பவற்றுக்கு இரையிலேயே பாதித் தண்ணீர் கிடைத்துவிடும்.

சித்திரையில் மணல் மட்டும் மிஞ்சும்போது பள்ளம் தொட்டில் ஆகிறது. கரைமண் அறுந்து சுவர்போல நிற்கும் இடங்களில் பச்சைப் பஞ்சுருட்டான் அலகால் கொத்திக் காலால் மண்ணைத் தள்ளி வளை தோண்டும். வளை சில சமயம் ஒரு மீட்டருக்கும் மேல் நீளும். கடைசியில் அகன்ற அறையில் வெள்ளை முட்டைகள். அந்த மண்சுவரைச் செதுக்கிக் கொடுத்தது போன ஆண்டு வெள்ளம். நடுப்பள்ளத்தில் ஆள்காட்டி கூடு என்று எதுவும் கட்டுவதில்லை. கூழாங்கல் நடுவே லேசாக ஒரு குழி, அதில் கல்லோடு கல்லாக நான்கு முட்டை. மதிய வெயிலில் கல் கொதிக்கும்போது, பக்கத்துக் குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். நடந்து போகிறவர் கிட்டே வந்தால் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தித் தீர்க்கும். ஆளைக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு ஆள்காட்டி என்று பெயர். அந்தக் குரல் கேட்டதும் காலடியைப் பார்த்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுவதுதான் முறை.

ஜூனில் மேற்கே முகட்டில் மேகம் ஏறும். அடிவாரத்தில் காற்று மட்டும் அடிக்கும். தவிட்டுக் குருவிகள் கூடு கட்டியிருக்கும் புதர்க்காட்டில், கருப்பு வெள்ளையாய்க் கொண்டை வைத்த சுடலைக் குயில் சுற்றிக்கொண்டிருக்கும். அது தன் முட்டையை வைப்பது அந்தக் கூடுகளில்தான். மலைமேல், ஆண்டு முழுதும் ஈரம் காயாத ஓடைகளில், சீகாரப் பூங்குயிலின் காலம் இது. கரிய உடம்பில் நீலம் மின்னும் இந்தப் பறவை மழைக்காலத்தில்தான் முழுத் தொண்டையில் பாடும். பாட்டு என்றாலும் ராகம் தாளத்துக்கு அடங்காது. வேலைவெட்டி இல்லாத ஒரு பையன் நினைத்த மாதிரி சீட்டியடித்துக்கொண்டு போவதுபோல இருக்கும். அருவிப் பாறை இடுக்கில் கூடு கட்டும். இரைச்சலுக்கு நடுவிலும் கேட்கிற குரல் அதற்கு வேண்டியிருக்கிறது.

இந்த நடைக்குப் பெரிய செலவு கிடையாது. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். யானை நடமாடும் இந்தப் பகுதியில் அந்த விதி வெறும் சம்பிரதாயம் இல்லை. காட்டோரச் சாலையும் ஊர்ப்புறத்துப் பள்ளக்கரையும் அனுமதி வேண்டாத இடங்கள். முதல் இருபது, முப்பது பறவைகளுக்கு அவையே போதும். தொலைநோக்கி என்றால் 8x42 என்று போட்டதை வாங்குவார்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். அதைவிடப் பெரிதாகக் காட்டும் கருவியில் கை நடுக்கமும் பெரிதாகும். தமிழ்ப் பெயர் தெரியவேண்டும் என்கிறவர்களுக்கு க. ரத்னம் தொகுத்த ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ இருக்கிறது. பறவையைத் தமிழில் எப்படி எழுதுவது என்று தெரிந்துகொள்ள மா. கிருஷ்ணனின் கட்டுரைகளைப் படிக்கலாம். செல்பேசியில் பறவைக் குரலை ஓடவிட்டு அழைப்பது மட்டும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் அந்தப் போலிக் குரலோடு சண்டை போட்டே பறவை ஓய்ந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை முக்கியம். பள்ளத்துக்குள் இறங்கி நடக்கும்போது தலைக்குமேல் வானம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. மலை உச்சியில் மேகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழை சில நிமிடங்களில் வந்து சேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. காட்டோடையில் தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ சருகும் நுரையும் மிதந்து வந்தாலோ, படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் கரையேறிவிட வேண்டும்.

பார்த்ததை எழுதி வைப்பது அடுத்த வேலை. தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை. அதோடு பள்ளம் ஓடியதா, குட்டையாக நின்றதா, வறண்டிருந்ததா என்று ஒரு வரி. பதினைந்து நிமிடம் நின்று கண்ணிலும் காதிலும் பட்ட அத்தனையையும் பட்டியலிட்டு, பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுக்கும் வழக்கமும் இருக்கிறது. இப்படி ஏறத்தாழ 30,000 பேர் அனுப்பிய குறிப்புகளை வைத்துத்தான் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை 2023-ல் 942 வகைப் பறவைகளின் நிலையை மதிப்பிட்டது. அவற்றில் 178 வகைகளை உடனே காப்பாற்ற வேண்டியவை என்று அது பட்டியலிட்டது. ஆய்வாளர்கள் போகாத எத்தனையோ ஓடைக்கரைகளுக்கு உள்ளூர்க்காரர் ஒருவரின் நோட்டுப் புத்தகம்தான் ஒரே பதிவு.

ஆனைகட்டியிலிருந்து கோவைக்குத் திரும்பும் பேருந்து தடாகம் பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிறது. இங்கும் மலையிலிருந்து பல பள்ளங்கள் வருகின்றன. செங்கல் சூளைகளுக்காகப் பல ஆண்டுகள் செம்மண் வெட்டியதில், சில இடங்களில் ஓடையின் போக்கே அறுந்து, மழைநீர் ஆழமான குழிகளில் இறங்கி நின்றுவிட்டது. உரிமம் இல்லாமல் இயங்கிய சூளைகளை மூட மாவட்ட நிர்வாகம் 2021-ல் உத்தரவிட்டது. வெட்டின குழிகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன.

வருவாய்த்துறைக் கணக்கில் இந்த நிலங்களுக்கு ‘ஓடைப் புறம்போக்கு’ என்று பெயர். புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று ஒரு பொருள், எல்லாருக்கும் பொதுவானது என்று இன்னொரு பொருள். ஆண்டில் எட்டு மாதம் வறண்டு கிடக்கும் இடத்தில் முதல் பொருளே எளிதாக ஒட்டிக்கொள்கிறது. ஏரியை மூடினால் ஊருக்குத் தெரியும். கோடையில் மணலாகக் கிடக்கும் பள்ளத்தில் ஒரு லோடு கட்டட இடிபாடு கொட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கல்லுக்கு நடுவே நான்கு முட்டை இருந்ததும் யாருக்கும் தெரியாது. ஐப்பசியில் வழி தெரியாத வெள்ளம் தெருவுக்குள் வரும்போதுதான் அங்கே ஓர் ஓடை இருந்த நினைவு வரும்.

தடாகம் மலையடிவாரத்து நீர்தான் துடியலூர், கவுண்டம்பாளையம் தாண்டி, சங்கனூர் பள்ளம் என்ற பெயரில் நகருக்குள் புகுந்து, சிங்காநல்லூர்ப் பக்கம் நொய்யலை நோக்கிப் போகிறது. வழியெல்லாம் வீட்டுக் கழிவு கலந்து, ஆண்டு முழுதும் ஓடும் கரிய சாக்கடை ஆகிவிட்டது. மலையில் வறண்டு கிடக்கும் மாதத்திலும் நகருக்குள் இது வற்றுவதில்லை. அது போய்ச் சேரும் பக்கத்திலுள்ள சிங்காநல்லூர் குளத்தை, அங்கே இன்னமும் தங்கும் பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் கணக்கெடுத்த பிறகு, நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக 2017-ல் அறிவித்தார்கள்.

குளிர்காலத்தில் நகரத்து வாய்க்கால் ஓரங்களிலும் சாம்பல் வாலாட்டி தென்படும். ஓடும் தண்ணீர் என்பதும் ஓரத்தில் பூச்சி என்பதும்தான் அதற்குக் கணக்கு. மார்கழிக் காலையில் அலுவலகம் போகிறவர் சங்கனூர்ப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்த்தால், சிமென்ட் சுவரோரம் மிதக்கும் நெகிழிப் பைகளுக்கு நடுவே, ஒரு கல்லின்மேல் மஞ்சள் அடிவயிறு தெரியலாம். செல்பேசியை எடுத்துக் குறித்துவிடலாம்: காலை 7.40, சங்கனூர் பள்ளம், சாம்பல் வாலாட்டி, ஒன்று.